வாசல் எந்தப் பக்கம்?

நடுத்தெருவில் ஒரு மடக்கு முக்காலியைப் போட்டு, மடியில் ஒரு பலகையும் காலடியில் ஒரு தண்ணீர்ப் புட்டியுமாக நீங்கள் எப்போதாவது உட்கார்ந்ததுண்டா? இல்லையென்றால் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் உங்களைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கூடிவிடும். பத்தாவது நிமிஷம் யாராவது ஒருவர், "அந்தத் தூண் சாய்ந்திருக்கிறதே!" என்பார். நீங்கள் நிமிர்ந்து பார்த்தால் தூண் நேராகத்தான் நிற்கும். சாய்ந்திருப்பது உங்கள் படத்தில் உள்ள தூண்!

நான் சித்திரக்காரி அல்ல. கல்லூரியில் படித்தது சரித்திரம். பத்திரிகையில் பார்ப்பது எழுத்து வேலை. படம் போடுவதற்கு எங்கள் காரியாலயத்தில் தேர்ந்த கைகள் இருக்கின்றன. அப்படியிருக்க, முப்பது வயதுக்கு மேல் வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்கிறீர்களா? என் தாயார் கேட்ட ஒரு கேள்வியால்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜெய்ப்பூருக்குப் போயிருந்தேன். அங்கே ஹவா மகாலுக்கு எதிரே நின்று, கைபேசியில் அறுபது படங்கள் எடுத்தேன். காலை வெயிலில் சில, மாலை வெயிலில் சில, நான் முன்னால் நின்று பல்லைக் காட்டியது சில. ஊர் திரும்பியதும் அவற்றை அம்மாவிடம் பெருமையோடு காட்டினேன். முழங்கால் வலியால் மாடிப்படி கூட ஏறமுடியாதவள் அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏண்டி, இத்தனை ஜன்னல் இருக்கே, வாசல் எங்கே?" என்றாள்.

அறுபது படங்களையும் புரட்டினேன். கீழே ஒரு வரிசைக் கடைகள். அதற்கு மேல் ஜன்னல், ஜன்னல், ஜன்னல். வாசலைக் காணோம்! அரை நாள் அந்தக் கட்டடத்தின் எதிரே நின்றவள் நான். அதற்கு வாசல் இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது.

பிறகு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 1799-ல் மகாராஜா சவாய் பிரதாப் சிங் கட்டுவித்தது. லால் சந்த் உஸ்தாத் என்பவர் அமைத்தது. ஐந்து அடுக்கு, சின்னஞ்சிறு ஜன்னல்கள் 953. மேல் மூன்று அடுக்குகளும் ஒரே ஓர் அறை அகலந்தான். அந்தப்புரத்துப் பெண்கள், தாங்கள் பிறர் கண்ணில் படாமல் தெருவில் போகும் ஊர்வலங்களைப் பார்ப்பதற்காக எழுப்பியது அது. நாம் தெருவிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது உண்மையில் அதன் முதுகுப் பக்கம். வாசல் மறுபுறம் இருக்கிறது!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுவாரமே கடைக்குப் போய்ப் பன்னிரண்டு வர்ணக் கட்டிகள் உள்ள ஒரு சிறு பெட்டியும், தடித்த காகிதப் புத்தகம் ஒன்றும், பெரிதும் சிறிதுமாக இரண்டு தூரிகைகளும் வாங்கிவந்தேன். இனி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கட்டடத்தின் எதிரே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து வரைவது. அப்போதாவது வாசல் எந்தப் பக்கம் என்று தெரிகிறதா பார்ப்போம் என்பது சங்கல்பம்.

அதற்கு முதல் சந்தர்ப்பம் சென்ற தை மாதம் வாய்த்தது. ஒரு வேலையாகக் கொல்கத்தா போகவேண்டியிருந்தது. அங்கே லேக் மார்க்கெட் பக்கம் என் அத்தை இருக்கிறாள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பேட்டை அது; காலையில் காப்பிப்பொடி வாசனை நம்மை மயிலாப்பூருக்கே கொண்டுபோய்விடும். ஊரின் பெயர் 2001-ல் கொல்கத்தா என்று மாறிவிட்டாலும், நாற்பது வருஷமாக அங்கே குடியிருக்கும் அத்தைக்கு அது இன்னும் கல்கத்தாதான். ஹௌரா மெயிலில் போய் இறங்கினேன். என் பெட்டியிலிருந்த முக்காலியைப் பார்த்ததும் அத்தை, "இதென்னடி, சமையலுக்கு வந்தவள் மாதிரி மணையைத் தூக்கிண்டு வந்திருக்கே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "தனியாகத் தெருவிலே உட்காரப்போறயா? நானும் வரேன்" என்று ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

முதல் நாள் விக்டோரியா மெமோரியல். 1906-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1921-ல் திறந்த மாளிகை. ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்த வெள்ளைச் சலவைக்கல். அதை வெள்ளைக் காகிதத்தில் வரைவது எப்படி? வெள்ளை வர்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசினேன். அரைமணி நேரத்தில் சலவைக்கல் மாளிகை, அடிப்பிடித்த பால்கோவா மாதிரி ஆகிவிட்டது.

அன்று கற்றுக்கொண்ட பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது பூசுகிற நிறம் அல்ல, விட்டுவைக்கிற இடம். ஆகாயத்தைப் பூசவேண்டும், மரங்களைப் பூசவேண்டும், தூண்களுக்கு நடுவே விழும் நிழலை நீலத்தில் துளி ஊதா கலந்து மெல்லியதாக இழுக்கவேண்டும். அவ்வளவுதான். மிச்சமிருக்கும் காகிதமே சலவைக்கல்லாகிப் பளபளக்கும். எது வெளிச்சம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் அதைத் திரும்பப் பெறமுடியாது. குழம்பில் உப்புப் போடுவதைப் போலத்தான்: குறைந்தால் சேர்க்கலாம், கூடிப்போனால் கூடினதுதான். ஆகையால் இளநிறங்கள் முதலில், அழுத்தமான நிறங்கள் கடைசியில். நடுவே காகிதம் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான காரியம்!

இரண்டாம் நாள் விடியற்காலையில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். ஹூக்ளி நதியின் மேல் பனிமூட்டம். சாமந்தி மாலைகளைப் பந்து பந்தாகத் தலையில் சுமந்து ஓடுகிறார்கள். தலைக்கு மேலே, பனியில் பாதி மறைந்து, ஹௌரா பாலம். பனிக்காலத்தில் நதிக்கரையில் வர்ணம் காய்வதற்கு ஒரு யுகம் ஆகிறது. கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாமல் அவசரப்பட்டேன். இரு கரையிலும் இரண்டு கோபுரங்கள். நடுவே நீளமான பாலம். அதைத் தாங்க ஆற்றின் நடுவே ஒரு தூண் என்று பென்சிலால் இழுத்தேன். பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தார். வங்காளியில் என்னவோ சொன்னார். "அந்தத் தூணை எங்கேயிருந்து கொண்டுவந்தே என்று கேட்கிறார்" என்றாள் அத்தை.

நிமிர்ந்து பார்த்தேன். வாஸ்தவந்தான்! ஆற்றின் நடுவே தூணே இல்லை. இரு கரைகளிலிருந்தும் நீண்ட இரும்புக் கைகள் நடுவில் சந்திக்கின்றன. கோபுரத்துக்குக் கோபுரம் 1500 அடி. 1943-ல் திறந்த அந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. ஆனால் ஒரு நட்டு, போல்ட்டு கிடையாது. எல்லாம் அறைந்து இறுக்கிய ரிவெட்டுகள். பாலம் என்றால் நடுவில் தூண் இருக்கும் என்று என் மனசு எனக்குச் சொல்லிவிட்டது, கை வரைந்துவிட்டது, கண் பார்க்கவே இல்லை. அந்தக் கலக்கத்தில் தூரிகையைத் தண்ணீர் என்று நினைத்து, பக்கத்திலிருந்த மண் குவளை டீயில் தோய்த்துவிட்டேன். காவி கலந்த ஒரு பனிமூட்டம் படத்தில் படர்ந்தது. அந்தப் படத்தில் நன்றாக அமைந்தது அது ஒன்றுதான்!

மூன்றாம் நாள் பழைய டல்ஹௌசி சதுக்கம். இங்கே உட்கார்ந்தபோது இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். தாமஸ் டானியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம். 1786-ல் இந்த ஊரில் வந்து இறங்கிய ஆங்கிலச் சித்திரக்காரர்கள். கல்கத்தாவின் காட்சிகளைப் பன்னிரண்டு படங்களாக அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் கங்கைக் கரையோடு வடக்கே போனார்கள். 1792-ல் சென்னைக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர் என்று நம் பக்கமும் சுற்றினார்கள். வெளிச்சத்தை ஒரு பெட்டிக்குள் விழவைத்துக் காட்சியைக் காகிதத்தில் காட்டும் கருவி ஒன்றை அவர்கள் உபயோகித்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர்களுக்கே துணை தேவைப்பட்டிருக்கிறதே!

அவர்கள் கல்கத்தாவில் வரைந்த படங்களுள் ஒன்று பழைய கோர்ட்டுக் கட்டடம். 1792-ல் அதை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் நிற்பது 1818-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். கட்டடம் போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, காகிதம் இருக்கிறது. கல்லைவிடக் காகிதம் நீடிக்கிறதே என்று பெரிய தத்துவம் கண்டுபிடித்துவிட்டவளைப் போல அன்று வீடு திரும்பினேன். அந்தத் தத்துவத்துக்கு மறுநாளே அடி விழப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் வடக்குக் கல்கத்தாவுக்குப் போனோம். சோவாபஜார் பக்கம் ஒரு சந்து. இருபுறமும் பழைய ஜமீன் காலத்து வீடுகள். வாசலில் நம் ஊர்த் திண்ணையைப் போலவே ஒரு மேடை. அங்கே அதற்கு ‘ரோயாக்’ என்று பெயர். மாலையில் ஆண்கள் அதில் உட்கார்ந்து உலக விவகாரங்களைத் தீர்த்துவைப்பார்கள். மேலே பச்சை வர்ணம் அடித்த, சரிவான பலகைகள் கோத்த ஜன்னல் கதவுகள். நடுவிலுள்ள குச்சியை மேலும் கீழும் தள்ளினால் பலகைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்து மூடும். வெயில் வராது, காற்று வரும். ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாக வர்ணக் கண்ணாடி.

அந்த வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் தெரியுமா? அது மிகவும் இடிந்திருந்தது. மாடி விளிம்பைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று முளைத்து மரமாகியிருந்தது. அதன் வேர்கள் விரல்களைப் போலத் தூணைப் பற்றியிருந்தன. காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. ஒரு ஜன்னல் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. ‘ஆகா, இதுவல்லவா சித்திரம்!’ என்று எதிர்வீட்டு ரோயாக்கில் உட்கார்ந்துவிட்டேன். அன்று கையும் ஒத்துழைத்தது. மூன்று நாள் கற்ற பாடமெல்லாம் கூடிவந்தது. இரண்டு மணி நேரத்தில், என் ஆயுளிலேயே நன்றாக வந்த படம் முடிந்தது.

அப்போது அந்த வீட்டிலிருந்து ஒரு சிறு பெண் ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டாள். உள்ளே போனோம். மாடியில், மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது. "வா, மா" என்றாள். அங்கே பெரியவர்கள் சிறு பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். படத்தை வாங்கிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை அத்தை சற்றுத் தயங்கித்தான் எனக்குச் சொன்னாள். "கை நன்றாக இருக்கிறதாம். ஆனால் நீ வரைந்தது அவளுடைய வீட்டை இல்லையாம். வீட்டுக்கு வந்திருக்கிற வியாதியையாம்."

வாசகர்களே, அந்த நிமிஷம் எனக்கு எப்படியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குள் நுழைந்து, அவருடைய புண்ணை மட்டும் ரசித்துப் படம் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவளைப் போலாகிவிட்டேன். பிரயாணம் போகிறவர்களாகிய நாம் இடிந்த சுவரைக் கண்டால் ‘என்ன அழகு!’ என்கிறோம். அதற்குள் ஒருத்தி விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

"மாஷிமா, மன்னிக்கவேண்டும். மரமும் உடைசலும் இல்லாமல் வேறு ஒன்று வரைந்து தருகிறேன்" என்றேன். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. அவள் தலையை ஆட்டினாள். "பொய் எதற்கு? இன்னும் ஒரு பூஜைதான் இந்த வீட்டில். அப்புறம் அடுக்குமாடி வரப்போகிறது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நானும் போட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிறகு எழுந்து, என் கையைப் பிடித்து ஒரு ஜன்னலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பதினாறு வயதில் மருமகளாக வந்தவள், அறுபத்திரண்டு வருஷமாக உலகத்தைப் பார்த்தது அந்த ஜன்னல் வழியாகத்தானாம். ஆரம்பத்தில் புது மருமகள் தெருப் பக்கம் நிற்கக்கூடாது. பலகைகளை ஒரு விரற்கடை திறந்துவைத்துப் பார்ப்பாளாம். துர்க்கையை ஆற்றில் கரைக்கக் கொண்டுபோகும் ஊர்வலங்களை அப்படிப் பார்த்திருக்கிறாள். 1971-ல் நகரம் கலவரப்பட்டுக் கிடந்த நாட்களில், கடைசிக் கொழுந்தன் வீடு திரும்புகிறானா என்று ஓர் இரவு முழுவதும் அதே ஒரு விரற்கடை இடைவெளியில் விழித்திருந்தாளாம். அவன் வந்தானா என்று அத்தை கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு ஜெய்ப்பூர் ஞாபகம் வந்தது. 953 ஜன்னல்கள்! அவை தெருவில் நிற்கிற நாம் பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. உள்ளே நின்றவர்கள் வெளியே பார்ப்பதற்காகச் செய்தவை. நான் இங்கேயும் முதுகுப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மாஷிமா, நாளைக்கு வந்து இங்கே உட்காரலாமா?" என்று கேட்டேன்.

மறுநாள் முழுவதும் அந்த ஜன்னலருகில் இருந்தேன். அறையின் இருட்டை அழுத்தமாகப் பூசினேன்; பலகைகளின் பச்சையை, அவள் சொன்ன பழைய பச்சையில்லாமல், இன்றைக்கு உள்ள மங்கிய பச்சையாகவே போட்டேன். தெருவை மட்டும் அநேகமாகத் தொடவே இல்லை. காகிதத்தை அப்படியே விட்டேன். தை மாதத்து வெயில் தானே வந்து அதில் விழுந்த மாதிரி இருந்தது. எதிர்வீடு, ரோயாக், மின்சாரக் கம்பிகள், ஒரு டீக்கடைக் கூரை. முடியப்போகும் சமயத்தில் மாஷிமா என் தோளுக்கு மேல் குனிந்து ரோயாக்கைச் சுட்டிக்காட்டினாள். "நேற்று நீ அங்கே உட்கார்ந்திருந்தாயே, அதையும் போடு" என்றாள். நான் வீட்டைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அவள் அந்த இடைவெளி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! சிறு தூரிகையால் ஒரு முக்காலியும், அதில் நீலப் புடவையில் ஓர் உருவமும், பக்கத்தில் ஃபிளாஸ்கோடு ஓர் அத்தையும் போட்டேன்.

அந்தப் படம் இப்போது மாஷிமாவிடம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்போது முதலில் எடுத்துவைக்கும் சாமான் அதுதான் என்று அத்தையிடம் சொன்னாளாம்.

முதல் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் காரியாலயத்துச் சித்திரக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அட, இதை இந்தக் கட்டுரையோடு போட்டுவிடலாமே!" என்றார். இந்தப் பக்கத்தில் அது இல்லாததற்குக் காரணம் அவர் அல்ல, நான்தான். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு உரியவள் பார்த்து முகம் சுளித்த படத்தை ஊரெல்லாம் பார்க்கக் கொடுப்பதற்குக் கை வரவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. அந்த வீடு போனபிறகு மரத்தையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு காகிதமாவது இருக்கட்டுமே!

நீங்களும் வரைந்து பாருங்கள். இதற்கு ஹவா மகாலும் ஹௌரா பாலமும் வேண்டியதில்லை. உங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் எதிர்வீட்டு மாடிச்சுவர் போதும். கையை நீட்டிப் பென்சிலால் அளந்துகொள்ளுங்கள், வெளிச்சத்துக்கு இடம் விடுங்கள், காயும்வரை பொறுத்திருங்கள். தூண் சாய்ந்தால் சாயட்டும். பத்து வருஷமாகத் தினம் பார்க்கும் அந்தச் சுவரில் நீங்கள் பார்க்காதது எத்தனை இருக்கிறது என்று தெரியும்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் எத்தனை, பலகை எப்படித் திறக்கும், ஆற்றின் நடுவே ஏன் தூண் இல்லை என்று அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இந்தத் தடவை கைபேசியைப் புரட்டாமலே பதில் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த தடவை ஜெய்ப்பூருக்கு என்னையும் அழைச்சிண்டு போ. நீ தெருவிலே உட்கார்ந்து வரைஞ்சுண்டிரு. நான் மெதுவாப் பின்பக்க வாசல் வழியா உள்ளே போய், அந்த ஜன்னல்லேருந்து உன்னைப் பார்க்கறேன்."